ஓசி டிக்கெட்டும் பச்சை நம்பர் பிளேட்டும்

எலெக்ட்ரிக் வண்டி வாங்கப்போகிறேன் என்று 2022 ஜூலையில் வீட்டில் சொன்னபோது மாமியாருக்குப் புரியவில்லை. “எலெக்ட்ரிக் வண்டிக்கு டிக்கெட்தானேம்மா வாங்கணும்? வண்டியவேவா வாங்குவாங்க?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு எலெக்ட்ரிக் வண்டி என்றால் பீச்சிலிருந்து தாம்பரம் போகிற ரயில். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது.

“இல்லத்தை, ஸ்கூட்டர். கரண்ட்ல ஓடும்.”

“ஓ. தனியா ஒருத்தர் போறதுக்கா?” என்று கேட்டுவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு உறைக்க ஒன்றரை வருஷமும் ஒரு புயலும் தேவைப்பட்டன.

மதராஸில் டிராம் மின்சாரத்தில் ஓட ஆரம்பித்தது 1895-இல். லண்டன்காரர்கள் அப்போது குதிரை டிராமில் போய்க்கொண்டிருந்தார்கள். 1931-இல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. பிறகு டிராம் கம்பெனி நொடித்துப்போய், 1953 ஏப்ரலில் கடைசி டிராமும் நின்றது. மாமியாருக்கு அப்போது ஒன்பது வயது. டிரைவர் காலால் மிதித்து மணியடிப்பது அவருக்கு இன்னும் காதில் இருக்கிறதாம். ஆக, இந்த ஊரில் மின்சாரத்தில் ஓடிய முதல் வண்டிகள் எல்லாமே ஊருக்குப் பொதுவானவை. தனியாக ஒருத்தர் போகிற மின்சார வண்டி அவர் வயதுக்குப் புதுசு. கேட்டதில் என்ன தப்பு?

நாங்கள் இருப்பது மேடவாக்கத்தில். என் அலுவலகம் கிண்டி தொழிற்பேட்டையில். போக 12 கிலோமீட்டர், வர 12. பெட்ரோல் அப்போது லிட்டர் 102 ரூபாயைத் தாண்டியிருந்தது. அதே வருஷக் கோடையில்தான் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் வரிசையாக வந்தன. வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். பையனுக்கு அப்போது பதினோரு வயது. வாங்கியே ஆக வேண்டும் என்றான். நான் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு ஆகஸ்டில் வாங்கினேன். பில்லில் மத்திய அரசு மானியம் என்று ஒரு வரி இருந்தது. ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது கரண்ட் பில்லில் ஒரு யூனிட்டுக்கு, 15,000 ரூபாய் வீதம், என் வண்டியின் 3 கிலோவாட் மணி பேட்டரிக்கு 45,000 ரூபாய் கழித்திருந்தார்கள். கடைக்காரரே கழித்துக்கொண்டார். ஒரு மனு எழுதவில்லை, ஒரு வரிசையில் நிற்கவில்லை. இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வண்டி வந்த அன்றே பிளக் பாயிண்ட் சண்டை வந்தது. எங்களுடையது மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. பார்க்கிங்கில் இருக்கும் ஒரே பாயிண்ட் மோட்டார் ரூமுக்கானது, பொது மீட்டரில் ஓடுவது. பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு யூனிட் விலையும் கூடுதல். அசோசியேஷன் கூட்டத்தில், “மேடம் ஊர் சுத்த நாங்க கரண்ட் பில் கட்டணுமா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், கேட்ட தொனிதான் சரியில்லை. கடைசியில் எங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே தனி வயர் இழுப்பது என்று முடிவானது. எலெக்ட்ரீஷியன் வந்து 18 மீட்டர் வயரைக் குழாய்க்குள் விட்டு, 15 ஆம்ப்ஸ் சாக்கெட் ஒன்றைப் பூட்டோடு மாட்டிக் கொடுத்தார். அதுவரை இரண்டு வாரம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. தூண்டிலில் ஸ்கூட்டர் மாட்டியிருக்கிறது என்று பையன் சொல்வான்.

பூட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வண்டி நன்றாகவே ஓடியது. சத்தமில்லாத வண்டிக்குச் சென்னை பழகவில்லை என்பதுதான் முதல் வாரத்துச் சிரமம். முன்னால் நடப்பவர் விலகமாட்டார், பசு திரும்பிப் பார்க்காது, தெருநாய்கள் மட்டும் என்ன காரணமோ துரத்தும். ஆனால் பள்ளிக்கரணை நெரிசலில் நின்று நின்று போகும்போது இதன் அருமை தெரியும். சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் வண்டி குடித்துக்கொண்டே நிற்கும். இது சும்மா நிற்கும். பாலத்தில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் கொஞ்சம் கரண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். திரையில் அந்தச் சின்னப் பச்சைக்கோடு ஏறுவதைப் பார்ப்பதில் சில்லறை மிச்சம் பிடித்த சந்தோஷம்.

எனக்குக் கணக்குப் போடும் வியாதி உண்டு. கணக்குப் பிரிவில்தான் வேலை. தினமும் 24 கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து ஒரு யூனிட் போகிறது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க சராசரியாகக் கிட்டத்தட்ட 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, இன்னும் நிலக்கரிதான் பெரும்பங்கு என்பதால். கிலோமீட்டருக்கு 29 கிராம். என் பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் நெரிசலில் லிட்டருக்கு 42 ஓடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. கிலோமீட்டருக்கு 55 கிராம். ஏறக்குறைய பாதி மிச்சம். “நிலக்கரி கரண்ட்ல ஓட்டி என்ன பிரயோஜனம்?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். பெட்ரோல் இன்ஜின் தனக்குக் கிடைத்த சக்தியில் முக்கால்வாசியைச் சூடாக்கித் தொலைக்கிறது. மோட்டார் அப்படிச் செய்வதில்லை. அதனால் நிலக்கரிக் கரண்டில் ஓடினாலும் பாதிதான்.

ஆனால் பேட்டரி செய்ததற்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. என் 3 கிலோவாட் மணி பேட்டரிக்கு, தோண்டியது, உருக்கியது, செய்தது எல்லாம் சேர்த்து உத்தேசமாக 200 முதல் 300 கிலோ கரியமில வாயு ஆகியிருக்கும். கிலோமீட்டருக்கு 26 கிராம் மிச்சம் என்றால், அந்தக் கடனை அடைக்கவே கிட்டத்தட்ட பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். 2023 நவம்பர் கடைசியில் என் வண்டி 9,400-ஐத் தாண்டியிருந்தது. பத்தாயிரம் ஆனதும் பாயசம் வைப்பதாகப் பையனிடம் சொல்லியிருந்தேன்.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது.

சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டாம், பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பார்க்கிங்கில் இடுப்பளவு. கார் ஒன்று மிதந்துபோய்த் தூணில் முட்டிக்கொண்டு நின்றது. என் ஸ்கூட்டரின் கைப்பிடியும் கண்ணாடிகளும் மட்டும் தெரிந்தன. தண்ணீர் புகாது என்று எழுதித்தான் விற்கிறார்கள். அந்தத் தரச்சான்றுக்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். எங்கள் பார்க்கிங்கில் தண்ணீர் இரண்டு நாள் நின்றது.

வடிந்த பிறகு முதலில் பிழைத்தது கீழ்வீட்டுக்காரரின் பதினாலு வருஷத்துப் பழைய பைக். தெருமுனை மெக்கானிக் வந்தார். பிளக்கைக் கழற்றி உதறினார், ஆயிலை வடித்தார், கார்புரேட்டரைத் துடைத்தார், பெட்ரோல் டேங்கைக் கவிழ்த்துக் காயவைத்தார். மறுநாள் சாயங்காலம் பத்து உதையில் ஸ்டார்ட் ஆகி, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு போனது. அவரை அப்படியே என் வண்டிக்கும் கூப்பிட்டேன். குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். தொடவில்லை.

“மேடம், இதுக்கு ஸ்பேனர் போதாது. லேப்டாப் வேணும். அது எங்கிட்ட இருந்தாலும் கம்பெனிக்காரன் பாஸ்வேர்டு தரமாட்டான்.”

எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. மற்ற கம்பெனி வண்டி வைத்திருப்பவர்களும் அப்போது இதே கதையைத்தான் சொன்னார்கள். வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை, மோட்டாரும் சரி. அந்த இரண்டையும் கட்டுப்படுத்தும் உள்ளங்கை அளவு எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி போய்விட்டது. பாகம் வர வேண்டும் என்றார்கள். வரும், வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. 47 நாள் ஆனது. மின்சார வண்டியில் சுழன்று தேயும் உறுப்புகள் குறைவு, அதனால் ரிப்பேரும் குறைவு என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் தெருமுனையில் கைவைக்க ஆளில்லாத வண்டியை எத்தனை நாளைக்கு மனிதர்கள் நம்புவார்கள்? மெக்கானிக்குக்கு இதைத் திறந்து காட்டுவது பேட்டரி ஆராய்ச்சிக்குச் சற்றும் குறைந்த வேலை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சரி, 47 நாள் நான் எதில் போனேன்? பஸ்ஸில்.

காலேஜ் முடித்த பிறகு தினப்படி பஸ் ஏறியதே இல்லை. வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு 900 மீட்டர் என்று மேப் காட்டியது. மேப்பில் ஒரு நேர்க்கோடு. காலுக்கு அது வேறு. முதல் நூறு மீட்டரில் நடைபாதையே இல்லை. அப்புறம் வடிகால் மேல் போட்ட சிமெண்ட் பலகைகள். நாலாவது பலகை ஆடும், ஒன்பதாவது இருக்காது. டிரான்ஸ்பார்மர் வந்தால் ரோட்டில் இறங்க வேண்டும். ஏறினால் காய்கறி வண்டி. பிறகு வரிசையாக நிறுத்திய கார்கள். கடைசி இருநூறு மீட்டர் எதிர்த்திசையில் வரும் பைக்குகளோடு பங்குபோட்டுக்கொண்டு நடக்க வேண்டும். ஸ்கூட்டரில் போனவரைக்கும் இந்த ஆடும் பலகை என் கண்ணிலேயே பட்டதில்லை. அதே தெருவில்தான் பதினோரு வருஷமாக இருக்கிறேன்.

மேடவாக்கத்தில் 2022 மே மாதம் திறந்த மேம்பாலம் இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர் நீளம். ஸ்கூட்டரில் அதன்மேல் இரண்டே நிமிஷத்தில் ஜங்ஷனைத் தாண்டிவிடுவேன். பஸ் கீழேதான் போக வேண்டும், ஆட்கள் நிற்பது கீழே. அறுபது பேர் போகும் வண்டி கீழே சிக்னலில், ஒரே ஆள் போகும் வண்டி மேலே காற்றில். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு பார்த்தபோதுதான் அது விநோதமாகத் தெரிந்தது.

பஸ்ஸில் என் பக்கத்தில் அடிக்கடி ஓர் அக்கா வருவார். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏறுவார். ஐம்பது வயதிருக்கும். முதல் வாரம் “மேடம்”, இரண்டாவது வாரம் “யம்மா”. சைதாப்பேட்டைக்குப் போய் சி.ஐ.டி. நகரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். ஏன் அவ்வளவு தூரம், இங்கேயே மேடவாக்கத்தில் வீடுகள் கிடைக்காதா என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன்.

“அந்த வூடுங்கள்ல இருவது வருசமா செய்யறேன் யம்மா. சாவியே எங்கிட்டதான் இருக்கும். அப்ப நான் ஆத்தோரம் இருந்தேன். நடந்தே பூடுவேன், பத்து நிமிசம். வெள்ளத்துக்கு அப்பறம் இங்க வூடு குடுத்துட்டாங்க.”

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு வந்தன. கூரை கான்கிரீட் ஆனது, வேலை பழைய இடத்திலேயே நின்றது. பத்து நிமிஷ நடை பதினெட்டு கிலோமீட்டர் பயணமாகிவிட்டது. போக்குவரத்தில் கரியமில வாயுவைக் குறைப்பது பற்றி நாம் பேசும்போது இன்ஜினைப் பற்றியே பேசுகிறோம். இந்தப் பதினெட்டு கிலோமீட்டர் எந்த இன்ஜினிலிருந்தும் வரவில்லை. நடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை ஊருக்கு வெளியே குடிவைத்ததில் வந்தது.

கண்டக்டர் வந்தார். அக்காவுக்கும் எனக்கும் கட்டணமில்லா டிக்கெட். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசு அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வைத்திருக்கிறது. பஸ்ஸில் அதற்கு வேறு பெயர். எங்களுக்குப் பின்னால் நின்றவர், யாரிடம் என்றில்லாமல், “எல்லாம் ஓசி. அதான் கூட்டம்” என்றார். அக்கா திரும்பவில்லை. இதைத் தினமும் கேட்கிற காது. எனக்குத்தான் சுருக்கென்றது, ஓசியில் போவது எனக்குப் புதுசு.

புதுசா? கிண்டி வருவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அக்காவின் டிக்கெட்டை உத்தேசமாக ஒரு தடவைக்கு 15 ரூபாய் என்று வைத்தால், போக வர, மாதம் 26 நாளுக்கு 780 ரூபாய். என் ஸ்கூட்டர் பில்லில் கழிந்த 45,000 ரூபாயை அதால் வகுத்தால் 57 மாதம். கிட்டத்தட்ட ஐந்து வருஷம் அக்கா வேலைக்குப் போய் வரும் செலவு, எனக்கு ஒரே நாளில், ஏசி ஷோரூமில், காபியோடு கிடைத்தது. அதை ஒருத்தரும் ஓசி என்று சொல்லவில்லை. “சுற்றுச்சூழலுக்கு நல்லது செஞ்சீங்க மேடம்” என்று சொல்லி மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். படம் இன்னும் ஃபோனில் இருக்கிறது.

அந்த மானியம் வீண் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நான் வாங்கியிருக்கமாட்டேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இன்று இத்தனை மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் ஓடுவதிலும், அங்கே வேலைக்குப் போகிற பெண்களின் எண்ணிக்கையிலும் அதற்குப் பங்கு உண்டு. 2023 ஜூனில் அதைக் குறைத்தார்கள். என் ஆதங்கம் வேறு. கரியமில வாயுக் கணக்கில் யார் யாருக்கு மாலை போட வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். நம்மூர் டீசல் பஸ் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் போல ஓடும். ஒரு லிட்டர் டீசல் 2.7 கிலோ கரியமில வாயு. கிலோமீட்டருக்கு 600 கிராம். காலை எட்டு மணிக்கு அறுபது பேரோடு போகிற பஸ்ஸில் ஆளுக்குப் பத்து கிராம். என் பச்சை நம்பர் பிளேட் மின்சார வண்டியில் 29. புகை கக்கிக்கொண்டு, குலுங்கிக்கொண்டு, கதவருகே மூன்று பேர் தொங்கிக்கொண்டு போகிற அந்த டீசல் பஸ், ஆளுக்கு ஆள் கணக்கில் என்னைவிட மூன்று மடங்கு சுத்தம். முதலில் நம்பாமல் மூன்று தடவை போட்டேன். ராத்திரி பத்து மணிக்குப் பத்துப் பேரோடு ஓடினால் கணக்கு தலைகீழாகும், ஆளுக்கு 60 கிராம். அப்போது பழைய பெட்ரோல் ஸ்கூட்டரே மேல். ஆக, சுத்தத்தைத் தீர்மானிப்பது டீசலா கரண்டா என்பதற்கு முன்னால், உள்ளே எத்தனை பேர் என்பது. “அதான் கூட்டம்” என்று பின்னாலிருந்தவர் எரிச்சலோடு சொன்னாரே, அந்தக் கூட்டம்தான் விஷயமே.

அக்காக்கள் போன்றவர்கள் ஏற்கெனவே இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களில் ஒருவர் பஸ்ஸை விட்டு ஸ்கூட்டிக்கு மாறுகிற நாளில் ஊரின் கணக்கு ஏறும், அது மின்சார ஸ்கூட்டியாகவே இருந்தாலும். மாறக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, நானே மாறியவள்தான். பஸ் சௌகரியமாக இருந்தால் மாறத் தோன்றாது, அவ்வளவே.

ஜனவரிக் கடைசியில் என் வண்டி திரும்பி வந்தது. பாயசம் வைத்தோம், கணக்கைப் பார்க்காமல். ஆனால் அதற்குள் ஒரு பழக்கம் மாறியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் பஸ், இரண்டு நாள் ஸ்கூட்டர். மழை நாளில் பஸ், சந்தைக்குப் போகிற நாளில் ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதற்கிடையில் பஸ்ஸுக்கே கரண்ட் வந்துவிட்டது. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. ஆகஸ்டில் எங்கள் பெரும்பாக்கத்திலிருந்து 135. பையனுக்கு இப்போது பதினாலு வயது, என் வியாதி அவனுக்கும் ஒட்டியிருக்கிறது. “அம்மா, மின்சார பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் எடுக்கும். 700 கிராம். டீசல் பஸ் 600. அப்ப இது மோசம்தானே?” என்று மடக்கினான்.

நல்ல கேள்வி. டீசலைச் சுத்திகரித்து லாரியில் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் டீசல் கணக்கும் எழுநூறைத் தொடும், அதனால் இன்றைய தேதிக்குச் சரிக்குச் சரி. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டீசல் பஸ் பன்னிரண்டு வருஷம் ஓடினாலும் 600 கிராம்தான், வயதாக ஆக இன்னும் கூடும். மின்சார பஸ்ஸின் கணக்கு அது நிற்கிற இடத்திலேயே குறைந்துகொண்டு வரும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை சுற்றுகிற மே முதல் செப்டம்பர் வரை தமிழ்நாட்டு மின்சாரத்தின் கலவையே வேறு. மத்தியானம் சூரிய மின்சாரம் பொங்கி வழிகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அது அணைந்து, ஊரெல்லாம் ஏசி போடும்போது நிலக்கரி மறுபடி வருகிறது. எப்போது சார்ஜ் போடுகிறோம் என்பது எதை வாங்கினோம் என்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. நானும் ஆபீஸிலிருந்து வந்ததும் ஏழு மணிக்குப் பிளக் சொருகுவதை விட்டுவிட்டேன். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போட்டால் போதும். ஒரே நிபந்தனை, இருமாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஸ்லாப் மாறி, வீட்டுக்காரர் முகமும் மாறும்.

கரியமில வாயு தவிர இன்னொன்றும் இருக்கிறது. பஸ்ஸுக்குப் பின்னால் வண்டியில் போகிறவர்களுக்கு அது தெரியும். முகத்தில் அடிக்கும் கரும்புகை. மின்சார பஸ்ஸுக்குப் பின்னால் சிக்னலில் நிற்கும்போது மூச்சை அடக்க வேண்டியதில்லை. அதைக் கிராமில் எழுத எனக்குத் தெரியாது.

பையனுக்கு அடுத்த ஆசை ஹைட்ரஜன். 2025 ஜூலையில் பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்ததைப் பார்த்துவிட்டு, அதுதான் எதிர்காலம் என்கிறான். இருக்கலாம், கம்பி இழுக்க முடியாத மலைப்பாதைகளுக்கு. கரண்டை வைத்துத் தண்ணீரைப் பிரித்து, வந்த ஹைட்ரஜனை அழுத்தி அடைத்து, மறுபடி கரண்டாக்கினால் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். தலைக்கு மேலேயே கம்பி ஓடுகிற ஊரில் இது மூக்கைச் சுற்றித் தொடுகிற கதை. 1931-இலேயே பாட்டி ஊர்க்காரர்கள் இதைத் தீர்த்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடமும் எங்கள் மேடவாக்கம் வழியாகத்தான் வருகிறது. மாடியிலிருந்து தூண்கள் தெரிகின்றன. அது வரட்டும். வந்த பிறகும் ஸ்டேஷனுக்கு இதே ஆடும் பலகைகள் மேல்தான் நடந்து போக வேண்டும். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் என்று ஒரு கொள்கை வகுத்தது, இந்தியாவிலேயே முதலாவது என்று அப்போது பேசப்பட்டது. பாண்டி பஜாரில் 2019-இல் அகலமாக நடைபாதை போட்டுக் காட்டவும் செய்தார்கள். அங்கே மாமியார் கையைப் பிடிக்காமல் நடக்கிறார். நாங்கள் இருப்பது மாநகராட்சி எல்லைக்கு வெளியே.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. புதுத் தாழ்தள பஸ்ஸில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று மாமியார் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தாழ்தளம் சும்மா வந்துவிடவில்லை. படி ஏற முடியாத மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதால் வந்தது. தரையிலிருந்து 40 சென்டிமீட்டர்தான். நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் இறங்கும். நடைபாதை ஒழுங்காக இருந்து, பஸ் அதை ஒட்டி நின்றால், வாசற்படியைத் தாண்டுவதுபோல் உள்ளே போய்விடலாம். மாமியாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் போய்விட்டன.

அவரைப் பையன் ஆட்டோவில் நிறுத்தத்துக்குக் கூட்டிவருவதாக ஏற்பாடு. நான் காய்கறிக்காக முன்னாலேயே ஸ்கூட்டரில் போயிருந்தேன். நிறுத்தத்தை ஒட்டித்தான் கீரைக்காரம்மா உட்காருவார். இரண்டு நிமிஷம்தானே என்று அங்கேயே, நிறுத்தத்துக்கு முன்னால், ஸ்டாண்ட் போட்டுவிட்டு முளைக்கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது பஸ் நடு ரோட்டில் நின்றிருந்தது. டிரைவர் என் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார். நடைபாதையோடு ஒட்ட வேண்டிய கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவே இரண்டு ஆள் நீளம் ரோடு. அந்த இடைவெளியில் பைக்குகள் புகுந்து போய்க்கொண்டிருந்தன.

கதவைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கியது அந்த அக்கா. கையில் டிபன் கூடை. ஒரு பைக்கை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டி, ரோட்டைத் தாண்டி வந்தார். பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கீரை என்னா வெலை யம்மா?” என்று கேட்டார்.